எண் எழுதாத வில்லை

அறுநூற்று எழுபத்திரண்டு மணி நேரம், அதாவது சரியாக இருபத்தெட்டு நாள், ஏழு வில்லைகள் முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஊறின. நிறுவனத்தின் ஆவணப்படி ஆறு.

எங்கள் நிறுவனத்தின் வேலை எரிமலைக் கல்லை எலும்பாக்குவது. கேட்க மந்திரம் போல இருக்கும். செய்ய மாவு மில் வேலை போல இருக்கும். என்றோ குளிர்ந்துபோன எரிமலைக் குழம்பின் கறுப்புக் கல்லை இடித்து, சலித்து, சில உப்புகள் சேர்த்து, ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரியில் உருக்க வேண்டும். உருகியது ஆரஞ்சு நிறத்தில் தேன் போல இறங்கும். அச்சில் ஊற்றினால் கறுப்புக் கண்ணாடி. அதை மறுபடி பதமாகச் சூடாக்கினால் உள்ளே நுண்ணிய படிகங்கள் முளைத்து, பாதி கண்ணாடி பாதி பீங்கான் என்று உறுதியாக ஒன்று கிடைக்கும். கலவை நன்றாக அமைந்தால், உடம்புக்குள் வைத்ததும் அதன்மேல் சுண்ணாம்புச் சத்துள்ள எலும்புத் தாது வெள்ளையாகப் படியும். பக்கத்து எலும்பு அதைத் தன் ஆள் என்று நம்பி ஒட்டிக்கொள்ளும். கலவை அமையாவிட்டால் அது காலுக்குள் கிடக்கும் கல், அவ்வளவுதான்.

இரண்டில் எது என்று பார்க்கத்தான் சிறு வில்லைகளாக வார்த்து ஊறவைப்பது. ரத்தத்தில் உள்ள உப்புகளை அதே அளவில் கரைத்த நீர், உடம்புச் சூடு, இருபத்தெட்டு நாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். வில்லைமேல் வெள்ளை படிந்தால் ஜெயம்.

இதையெல்லாம் செய்தது நான். பதவி ஆய்வு உதவியாளர், தரம் இரண்டு. நிறுவனத்தில் பேசும் உரிமை தரம் நான்கில் தொடங்குகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட வாயைத் திறக்காமல், வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். என்னோடு ஒரே அறையில் படுத்து எழும் அக்கா, எனக்கு வேலை கொடுத்தவர்கள் விவரமானவர்கள் என்பாள். பேச ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் எனக்கு வேலை கிடைத்திருக்கிறதாம்.

நிறுவனத்துக்குள் கல் வந்ததே பெரிய பாடு. ஸ்டோர் பொறுப்பாளரின் படிவத்தில் தயாரிப்பாளர் பெயர் என்ற கட்டம் இருந்தது. 'எரிமலை' என்று எழுதினேன். தயாரித்த தேதி என்ற கட்டத்தில் 'சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதினேன். படிவம் திரும்பி வந்தது. 'சுமார்' செல்லாது. மேலும், அவ்வளவு பழைய பொருளை வாங்கக் காலாவதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். காலாவதிக் குழுவினர் மூன்று பேர் வந்து, கல்லை ஆளுக்கொரு முறை முகர்ந்து, கெட்டுப்போகவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். தயாரிப்பாளர் கையொப்பம் என்ற கட்டம் மட்டும் நெடுநாள் காலியாக இருந்தது. கடைசியில் எரிமலைக்காக இயக்குநரே கையெழுத்திட்டார்.

ஸ்டோர் பொறுப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நிறுவனத்தில் ஒரு நாற்காலி காணாமல் போனது. அதன்பின் எந்தப் பொருளானாலும் அதன்மேல் சொத்து எண் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதுகிறவர் அவர். சிறிய தூரிகை, வெள்ளைப் பெயிண்ட். குழாய், குப்பைக்கூடை, கதவின் இரண்டு பக்கம், எதையும் விடவில்லை. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் எண் எழுதியிருப்பதால் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எங்களுக்கு நேரம் தெரியாது. நுண்ணோக்கியின் லென்ஸிலும் எழுதியிருக்கிறார். எதை வைத்துப் பார்த்தாலும் மேல் ஓரத்தில் எங்கள் நிறுவனம் தெரியும்.

பெயிண்ட் டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிது வரும்வரை, சுற்றுச்சுவருக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அதில் கலந்துகொள்வார். அது அவருடைய கைப்பக்குவம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. கலந்த பெயிண்ட் இன்னும் வெளுப்பாக இருக்கும் என்பார்.

நான் செய்த வில்லைகள் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியவை. அவற்றுக்கான எண்ணோ நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம், பிரிவு, உப பிரிவு, உலை, பொருள், வருடம், வரிசை என்று இருபத்தாறு எழுத்து. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கலந்த பெயிண்டால் முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் முடித்தார். முடித்தபோது கறுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஆறாவது வில்லையில் வருடத்தைத் தப்பாக எழுதிவிட்டார். அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் முழுவதையும் வெள்ளையால் மூடி, காய்ந்த பிறகு அதன்மேல் பளபளப்பு இல்லாத இன்னொரு வெள்ளையால் மறுபடி எழுதினார்.

ஏழாவது வில்லை சூடு ஆறும்போதே இரண்டாக உடைந்திருந்தது. அதையும் நீட்டினேன். அவர் தூரிகையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உடைஞ்சதுக்கு நம்பர் கிடையாதும்மா. நம்பர் போட்டா அது சொத்தாயிடும். சொத்து உடைஞ்சிருந்தா நான் பதில் சொல்லணும்."

நம்பர் இல்லாத பொருள் நிறுவனத்தில் இல்லாத பொருள். தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் வெந்நீர்த் தொட்டியின் மூடியில் ஏழு துளைகள். ஒரு துளையில் பாட்டில் இல்லாவிட்டால் ஆவி போய்ச் சூடு இறங்கும். அடைப்பதற்காக ஏழாவதாக ஒரு பாட்டிலை வைத்தேன். வெறும் நீரை வைப்பானேன் என்று உடைந்த துண்டில் ஒன்றை அதில் போட்டேன். பழக்கதோஷத்தில் மற்ற ஆறோடு அதற்கும் நீர் மாற்றி வந்தேன்.

என் ஆய்வகம் மூன்றாம் மாடியில். லிப்ட் பழையது; இரும்புக் கம்பிக் கதவை இழுத்து மூட வேண்டும், கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தால்தான் நகரும், விட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ஓர் ஆள் வேண்டும். லிப்ட் அண்ணன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டியபடி அதை ஓட்டுவார். இரண்டு வருடம் முன் ஒரு லாரி பின்னோக்கி வந்ததில் முழங்காலுக்குக் கீழே நாலு சென்டிமீட்டர் எலும்பு பொடியாகிவிட்டது. அந்த இடைவெளியை எதனாலும் நிரப்பாமல், காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டிக் கம்பிகளால் பிடித்து வைத்திருந்தார்கள்.

"நான் இன்னும் கட்டி முடியாத கட்டடம், சாரம் கட்டியிருக்காங்க" என்று புதிதாக ஏறுகிறவர்களிடம் சொல்வார். என்னைக் கல்லுப் பொண்ணு என்று கூப்பிடுவார். மூன்று மாடி ஏற ஐம்பது நொடி. ஐம்பது நொடியில் முடிந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்த பேச்சுக்கு நான் பயப்படுவதில்லை. அதனால் அந்தக் கட்டடத்தில் நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் அவரிடம்தான்.

அவருக்கு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துக் காலில் வைக்கும் வழக்கமான ஆபரேஷனுக்குப் பதினாலு மாதம் காத்திருந்து தேதி கிடைத்திருந்தது. அடுத்த மாதம் பத்தொன்பது. மருத்துவமனைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எனக்கு நாலைந்து முறை காட்டியிருக்கிறார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதற்குமேல் சீழ் வைத்தால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதுதான்.

இருபத்தெட்டாம் நாள் காலை ஏழு மணிக்கே வந்தேன். ஆறு பாட்டில்களிலும் வில்லைகள் வெள்ளை பூத்திருந்தன. எழுத்தெல்லாம் கரைந்து, கலைந்து, அதன்மேல் பொரிபொரியாக ஒரு வெண்படலம். ஆறாவது வில்லை உப்புமூட்டைபோல இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் காது சூடாகியது. பிறகு ஏழாவது பாட்டிலைத் திறந்தேன்.

பார்த்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். நுண்ணோக்கியில் வைத்து, நம்பர் மறைக்காத கீழ் மூலையில் பார்த்தேன். பிறகு மூடியைத் திருகி, அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க அது என் இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்பது மணிக்கு வெண்மை மதிப்பீட்டுக் குழு வந்தது. ஐந்து பேர். ஒரே வெள்ளையை ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பார்த்ததால் வாக்கெடுப்பு நடந்தது. பால் வெள்ளைக்கு மூன்று, சாக்பீஸ் வெள்ளைக்கு ஒன்று. ஒருவர் நடுநிலை. ஆறாவது வில்லை மிகச் சிறந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஆறுக்கும் ஒரே கலவைதானே என்று ஒருவர் கேட்டார். ஒரே கலவைதான் என்றேன். அப்படியென்றால் ஆறாவதன் கலவையைப் பின்பற்றலாம் என்று குழு பரிந்துரைத்தது.

வெண்படலத்தைச் சுரண்டி எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தார்கள். எலும்புத் தாது என்று சொன்னது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது. அதுவும் தரம் இரண்டுதான் போலிருக்கிறது.

பாராட்டுக் கூட்டத்தில் இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். அவர் படித்தது புவியியல் என்றும் பொது நிர்வாகம் என்றும் இரண்டு தகவல்கள் உண்டு. பேச்சில் முக்கியமான பகுதியைச் செயலர் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார். அது இப்படி இருந்தது:

"இந்த நிறுவனம் தொடங்கி இருபத்தோரு வருடங்கள். இருபத்தோரு வருடத்தில் நமக்கு ஒரு தோல்விகூட இல்லை. எப்படி என்று வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கேட்டார். நம்மிடம் தோல்விக்குப் பதிவேடு கிடையாது என்றேன். அவர் வாயடைத்துப் போனார். இன்று நமக்கு வெற்றியும் வந்திருக்கிறது. இதுவரை அது இல்லாமலே நாம் சமாளித்தோம் என்பதை இளைய தலைமுறை மறந்துவிடக் கூடாது."

கைதட்டினோம். அந்தக் கைதட்டலின் சூட்டோடு அவர் முதல் பயனாளியை அறிவித்தார். லிப்ட் அண்ணன்.

அதற்கு வெளி அனுமதிகள் நிறைய வேண்டாமா என்று எனக்கே தெரிந்த கேள்வி செயலருக்கும் தெரிந்திருந்தது. அவர் இரண்டு நாள் விதிப்புத்தகத்தோடு அறைக்குள் இருந்துவிட்டு வழி கண்டுபிடித்தார். நிறுவனத்துக்குள் இருக்கும் பொருளின்மீது செய்வது உள்சோதனை. உள்சோதனைக்கு வெளி அனுமதி தேவையில்லை. லிப்ட் அண்ணன் நிறுவனத்தின் ஊழியர். ஆகவே கால் நிறுவனத்துக்குள் இருக்கிறது. ஆபரேஷன் பதினாறாம் தேதி. ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருக்க முடியாது என்பதால், பதினாலாம் தேதி நடக்கும் ஒப்படைப்பு விழாவில் அவர் தன் பழைய மருத்துவமனைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் லிப்டில் ஏறியதும் அவர் எழுந்து நின்றார். உட்காருங்கள் அண்ணே என்றேன்.

"நீங்க செஞ்ச எலும்புக்கு மரியாதை. இடுப்புல வெட்ட வேணாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுல ரெண்டு நாளா என்னை மகாராஜா மாதிரி பாத்துக்கறாங்க. என் பொண்டாட்டி உங்களைப் பாக்கணும்னா" என்றார்.

இரண்டாம் மாடி நெருங்கியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இருபது நொடி மிச்சம் இருந்தது. இது இருபது நொடியில் முடியும் பேச்சு இல்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் சோதனையைத் திரும்பச் செய்ய அனுமதி கேட்டு ஒரு குறிப்பு எழுதினேன். எண் எழுதாத புதிய வில்லைகளோடு, என்று அடிக்கோடிட்டேன். செயலர் என்னைக் கூப்பிட்டு, தகப்பன் மாதிரி பேசினார்.

"வெற்றி பெற்ற சோதனைய மறுபடி செஞ்சா என்னம்மா அர்த்தம்? முதல் வெற்றி மேல சந்தேகம்னு அர்த்தம். தோத்துப்போன சோதனையச் சொல்லு, பத்து தடவை செய்ய அனுமதி வாங்கித் தரேன்."

மாற்றுக் கருத்து தெரிவிக்கப் படிவம் உண்டா என்று கேட்டேன். உண்டு, தரம் நான்குக்கு மேல். தரம் இரண்டுக்கு உள்ளது இசைவுப் படிவம். அதில் 'இசைகிறேன்', 'மிகவும் இசைகிறேன்' என்று இரண்டு கட்டங்கள். நான் எதையும் நிரப்பாமல் கொடுத்தேன். நிரப்பாத படிவம் விதிப்படி மிகவும் இசைவு என்று கொள்ளப்படும் என்று ரசீது வந்தது.

இயக்குநருக்கு நேராகக் கடிதம் எழுதினேன். ஏழாவது பாட்டிலைப் பற்றி இரண்டு பக்கம். மூன்றாம் நாள் வந்தது பதில்: நிறுவன ஆவணப்படி பாட்டில்கள் ஆறு, ஏழாவது பாட்டில் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்கம் தரவும், உடைந்த பொருளை முறைப்படி அழிக்காமல் இருபத்தெட்டு நாள் வெந்நீரில் வைத்திருந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் விளக்கவும். நான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மாதத்தின் சிறந்த உதவியாளர் விருதும் எனக்கு வந்தது. இரண்டும் ஒரே உறையில்.

வீட்டில் அக்கா கேட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாயே, என்ன விஷயம் என்றாள். சொன்னேன். அவளிடம் சொல்ல எனக்கு எப்போதும் வரும். அவள், அந்த ஆளிடம் சொன்னாயா என்று கேட்டாள். செயலரிடம் சொன்னேன், இயக்குநருக்கு எழுதினேன் என்று ஆரம்பித்தேன்.

"யாரோட காலுடி?" என்றாள்.

கை கழுவ எழுந்து போனேன்.

கால் எலும்புக்கான துண்டை நானே செய்தேன். நாலு சென்டிமீட்டர் உருளை, நடுவில் துளை. உடையட்டும் என்று வேண்டிக்கொண்டே ஊற்றினேன். வாழ்நாளில் நான் செய்ததிலேயே அதுதான் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. ஸ்டோர் பொறுப்பாளர் தூரிகையோடு காத்திருந்தார். இந்த முறை இடம் தாராளமாக இருந்ததால் எழுத்தைப் பெரிதாக, அழகாக எழுதினார். டாக்டரிடம் போனதும் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வார்களாமே, எழுத்து போய்விடாதா என்று மெல்லக் கேட்டேன். அவர் முகம் வாடியது. போனால் மறுபடி எழுதித்தர ஆபரேஷன் அறை வாசலில் தானே நிற்பதாகச் சொன்னார்.

பொருள் நிறுவனத்தை விட்டு வெளியே போவதற்கு வாயிற் சீட்டு தயாரானது. திரும்பி வரும் தேதி என்ற கட்டத்தில் செயலர் யோசித்துவிட்டு, லிப்ட் அண்ணன் ஓய்வு பெறும் தேதியைப் போட்டார். ஒவ்வொரு வருடமும் சொத்துக் கணக்கெடுப்பின்போது அவர் காலோடு நேரில் வர வேண்டும். எண் வெளியே தெரியாது என்பதால் எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும். விடுமுறையில் வெளியூர் போனால் பொருளை எடுத்துச் செல்ல முன் அனுமதி தேவை. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் பதினொன்று.

"ரிடையர் ஆகிறப்ப கழட்டிக் குடுத்திடணுமாமே" என்றார் லிப்டில். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு மாசமா என் காலைப் பாக்கிறதில்ல, கவனிச்சீங்களா?" என்றார். மூன்றாம் மாடி வந்துவிட்டது.

பதினாலாம் தேதி காலை மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் ஒப்படைப்புக்கு முந்தைய கூட்டம். பதினாறாம் தேதி ஆபரேஷன் செய்யப்போகும் எலும்பு டாக்டர் வந்திருந்தார். ஒல்லியான, அவசரக்கார மனிதர். கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார், காரணம் எங்கள் சுவர்க் கடிகாரத்தை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இந்த ஆபரேஷனில் அவர் பெயர் முதலில் வரும் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் உருப்படியான ஒரே கேள்வியை அவர்தான் கேட்டார்.

"இந்தப் பெயிண்டெல்லாம் இல்லாத வெறும் துண்டை ஊறவெச்சுப் பாத்தீங்களா?"

நான் சுவரோரம் அழைக்கப்பட்டோர் வரிசையில் இருந்தேன். அழைக்கப்பட்டோர், கேட்டால் பதில் சொல்லலாம். கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்படவில்லை. இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், இந்த நிறுவனத்துல நம்பர் இல்லாத பொருள்னு ஒண்ணுகூடக் கிடையாது. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியத் திருப்பிப் பாருங்க. இந்தக் கட்டுக்கோப்பு வேற எங்கயாவது இருக்குன்னா காட்டுங்க, நான் ராஜினாமா பண்ணிடறேன்."

டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. அது விழாவில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்பது. நாற்பது நிமிடம் ஆனது.

விழா கீழே முன்கூடத்தில். துண்டு மூன்றாம் மாடியில். நீல வெல்வெட் விரித்த தட்டில் அதை வைத்து என் கையில் கொடுத்தார்கள். செய்தவள் ஏந்தி வர வேண்டும், பேச வேண்டியதில்லை என்று செயலர் சொன்னார். லிப்டில் ஆறு பேர் ஏறினோம்: இயக்குநர், செயலர், ஸ்டோர் பொறுப்பாளர், டாக்டர், நான், முக்காலியில் லிப்ட் அண்ணன். விழாவின் நாயகன் அவர். ஆனால் லிப்டை ஓட்ட வேறு ஆள் இல்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். கம்பிக் கதவை இழுத்து மூடி, கைப்பிடியை அழுத்தினார்.

மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் கைப்பிடியை விட்டார். லிப்ட் நின்றது. கம்பிகளுக்கு வெளியே பூசாத சிமெண்ட் சுவர் மட்டும் தெரிந்தது. அதில் எண் எழுதப்படவில்லை என்பதை ஸ்டோர் பொறுப்பாளர் கவனித்துக்கொண்டார்.

ரிப்பேரா என்று இயக்குநர் கேட்டார். இல்லை சார் என்றார் அண்ணன். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். சீட்டு. பத்தொன்பதாம் தேதி.

"கீழ போனதும் இதைக் குடுத்திடணும். குடுத்துட்டா திரும்பக் கிடைக்காது" என்றார், என்னைப் பார்த்து. "ஒரு மாசமா நீங்க இந்தப் பெட்டியில ஏறும்போது ஏதோ சொல்ல வர்றீங்க, மாடி வந்திடுது. இன்னிக்கு மாடி வராது. சொல்லுங்க கல்லுப் பொண்ணு. இதைக் குடுக்கவா, வேணாமா?"

தட்டு என் கையில் சாய்ந்தது. வெல்வெட்மேல் துண்டு லேசாக உருண்டு, எண் மேலே வந்து நின்றது.

செயலர் தொண்டையைச் செருமினார். இது கூட்டம் இல்லை, கேள்விக்கு நிகழ்ச்சிநிரலில் இடம் இல்லை என்றார். அந்தப் பெண் தரம் இரண்டு, இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல விதி இடம் தராது என்று இயக்குநர் சேர்த்துக்கொண்டார். முதலில் வண்டியை எடு என்றார்.

"விதி மாடியில சார்" என்றார் லிப்ட் அண்ணன். "இது எந்த மாடியும் இல்ல."

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

தட்டை ஸ்டோர் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். பொருளை வாங்கிப் பழகிய கை, வாங்கிக்கொண்டது. மேலங்கிப் பைக்குள் கையை விட்டேன். ஏழாவது பாட்டில் ஒரு மாதமாக அங்கேதான் இருந்தது. இடுப்பில் அது படும் இடம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. எடுத்து, லிப்டின் மஞ்சள் விளக்குக்கு நேராகப் பிடித்தேன். உடைந்த துண்டு நீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அண்ணன் முக்காலியிலிருந்து முன்னால் குனிந்தார்.

என் குரல் எனக்கே கேட்காதோ என்று பயந்தேன். அந்தப் பெட்டி சிறியது. எல்லாருக்கும் கேட்டது.

"குடுக்காதீங்க அண்ணே. இதுவும் அதே கல்லுதான், அதே இருபத்தெட்டு நாள் ஊறினது. நம்பர் எழுதலை, அவ்வளவுதான் வித்தியாசம். பாருங்க, போட்டப்ப இருந்த அதே கறுப்பு. கல்லுல ஒண்ணுமே வளரல. வளர்ந்ததெல்லாம் ஸ்டோர் சார் கலந்த சுண்ணாம்புலதான்."